முதல் நாளே பேசிவிடுவோம்

தருமபுரி நகரிலும் சுற்றுப்பட்டிலும் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அனைவருக்கும்,



பாரதிபுரம், இலக்கியம்பட்டி, ஒட்டப்பட்டி, நெசவாளர் காலனி, குமாரசாமிப்பேட்டை, பென்னாகரம் ரோடு என்று எங்கே நடந்தாலும் ஏதாவது ஒரு கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை தொங்குகிறது. அதை மாட்டியிருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாடி எடுத்தவர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பிய பணத்தில் வீட்டுக்குப் பின்புறம் இரண்டு போர்ஷன் கட்டியவர்கள். கணவர் காலமான பிறகு அந்த வாடகையில்தான் மருந்து மாத்திரை வாங்கும் அக்காமார்கள். வாடகை நின்றால் நம்மில் பலருக்கு அடுப்பும் தடுமாறும். ஆனாலும் பத்து, இருபது லட்சம் போட்டுக் கட்டிய வீட்டை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்கும்போது பத்து நிமிடம்கூட நாம் ஒழுங்காகப் பேசுவதில்லை. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை பேர் இருப்பீர்கள், என்றைக்குப் பால் காய்ச்சுகிறீர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பேசாமல் விட்டதெல்லாம் ஆறு மாதம் கழித்து மாடிப்படியில் சண்டையாக வந்து நிற்கிறது.

நான் இரண்டு பக்கத்தையும் பார்த்தவள். அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று மாற்றலில் போய் 27 ஆண்டுகளில் ஏழு வாடகை வீடுகளில் குடியிருந்தேன். இப்போது என் வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. வாடகை வீட்டில் நான் பட்டதையும், வீட்டுக்காரியான பிறகு நானே செய்த தவறுகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். வேறு ஊரில் இருந்தால் இதற்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க மாட்டேன்.

வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது, “தண்ணி எப்படிங்க?” என்பதைத்தான். “போர் இருக்கு, இருபத்து நாலு மணி நேரமும் வரும்” என்கிறோம். அவர் கேட்டது அளவை மட்டுமல்ல, தரத்தையும்தான். நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு என்பது ஊரறிந்த சேதி. பாறையிலிருந்து கரைந்து வரும் உப்பு அது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பால்பல் பருவத்திலிருந்தே குடித்து வளரும் குழந்தைக்கு நிலைப்பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும். ஆண்டுக் கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். கையால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கும் பிள்ளைகள் என் வகுப்புகளில் வருடா வருடம் இருந்தார்கள். குரூப் போட்டோ எடுக்கும் நாளில் அவர்கள் உதட்டை இறுக்கி நிற்பதை நான் மறக்கவில்லை. தேய்த்தால் போகிற கறை அல்ல அது.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் என்ற நீளப் பெயரோடு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியில், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் காவிரித் தண்ணீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்தார்கள். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வளவு செலவில் தெருவுக்கு வந்த தண்ணீரை நம் வீட்டு வாசலில் நாம் என்ன செய்கிறோம்? பல வீடுகளில் ஒரே சம்ப்தான். ஒகேனக்கல் தண்ணீரும் அதில்தான் விழுகிறது, போர் தண்ணீரும் அதில்தான் விழுகிறது. இரண்டும் கலந்து மேல் தொட்டிக்கு ஏறி, மாடியில் குடியிருப்பவர் சமையலறைக் குழாயில் வருகிறது. “ஒகேனக்கல் தண்ணிதாங்க” என்று சொல்லி வாடகைக்கு விட்டிருப்போம். பொய் சொல்லும் எண்ணம் நமக்கு இருந்திருக்காது. ஆனால் அந்தக் குழாயில் குடிப்பது இரண்டு வயதுக் குழந்தை.

என் வீட்டிலும் முதல் மூன்று ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது. பிறகுதான் குடிநீர் இணைப்புக்கென்று 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, அதிலிருந்து இரண்டு போர்ஷனுக்கும் சமையலறையில் ஒரு குழாய் இழுத்தேன். தொட்டி, பைப்பு, பிளம்பர் கூலி எல்லாம் சேர்ந்தும் இரண்டு மாத வாடகையைத் தாண்டவில்லை. போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, அந்தத் தாளின் நகலை வாடகைக்கு வருகிறவரிடம் கொடுக்கிறேன். குளிக்க, துவைக்க இது, குடிக்க அது என்று குழாயைக் காட்டியே சொல்லிவிடுகிறேன். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் மறுத்துச் சொல்லுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். தனிக் குழாய் போட வழியில்லாத வீடு என்றால் ஆர்.ஓ. கருவி வைத்துக் கொடுங்கள், அல்லது கேன் வாங்கித்தான் குடிக்க வேண்டும் என்பதையாவது அட்வான்ஸ் வாங்கும் முன் சொல்லுங்கள்.

சித்திரை, வைகாசியில் போர் இறங்கிப்போகும் தெருக்கள் எவை என்பது நமக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. டேங்கர் வாங்க நேர்ந்தால் யார் எவ்வளவு தருவது என்பதை மார்கழியிலேயே பேசி எழுதிக்கொள்வது சுலபம். மே மாதம் காலித் தொட்டியின் முன் நின்று பேசினால் இரண்டு பக்கமும் சூடாகத்தான் பேசுவோம்.

எழுதிக்கொள்வது என்றதும் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. “தெரிஞ்சவங்க மூலமா வந்தவங்க, இவங்ககிட்ட போய் பாண்டு பேப்பரா?” என்கிறார்கள். நம் பெற்றோர் காலத்துப் பயமும் இதோடு சேர்ந்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோது வாடகைக்கு வந்தவரைக் காலி செய்ய வைக்க நீதிமன்றத்துக்கு நடந்து நடந்தே ஓய்ந்தவர்கள் உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால், எதையும் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்துவிட்டோம். அந்தச் சட்டம் இப்போது இல்லை. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் அந்த அதிகாரி. பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற வேறொரு விதியைத் தவிர்க்க வந்த வழக்கம் அது. இந்தப் புதிய பதிவு எத்தனை மாத ஒப்பந்தமானாலும் உண்டு. அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கணினி பழகாதவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? கடையில் விற்கும் அச்சடித்த தாளில் பெயரையும் தொகையையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் அது நம் வீட்டைப் பற்றிய ஒப்பந்தம் ஆகாது. என் ஒப்பந்தத்தில் நான் எழுதியிருப்பவை: வாடகை எந்தத் தேதிக்குள், ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், காலி செய்ய யார் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், மோட்டார் கரண்டு பில் எப்படிப் பிரியும், வண்டி எங்கே நிற்கும், மொட்டை மாடியில் துணி காயவைக்க யாருக்கு எந்தப் பக்கம். கடைசி விஷயம் சின்னதாகத் தோன்றும். என் வீட்டில் நடந்த மிகப் பெரிய சண்டை அந்தத் துணிக்கொடியில்தான் தொடங்கியது.

அட்வான்சைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அது நம் பணம் இல்லை. வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். “அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், அதை வாங்கித் தர்றேன்” என்று சொல்லி, அரூரில் நான் குடியிருந்த ஒரு வீட்டுக்காரர் என்னை ஒன்பது மாதம் அலைய விட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் பேருந்து பிடித்துப் போய், அவர் வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மாலைகளை எண்ணினால் இப்போதும் மனசு கனக்கிறது. கடைசியில் பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் பார்ப்பது எல்லாம், வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டுக்காரர் பொறுப்பு என்று இன்றைய சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வாங்கிய அட்வான்சை அப்படியே தபால் நிலையத்திலோ வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். அதைத் தொட்டால்தான் திருப்பித் தரும்போது கை நடுங்குகிறது. உள்ளே வரும் நாளிலும் போகும் நாளிலும் அவரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விரிசல் முன்பே இருந்தது, எது புதிது என்ற பேச்சுக்கே வேலை இருக்காது.

போக்கியத்துக்கு விடுகிறவர்களும் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். மகள் கல்யாணம், மருத்துவச் செலவு என்று ஒரு அவசரத்துக்கு ஐந்து லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் மூன்று வருடத்துக்கு வீட்டைக் கொடுத்துவிடுகிறோம். வட்டியில்லாப் பணம் கிடைத்ததாக நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்கு மாதம் 7,000 ரூபாய் வாடகை வரும் என்றால் ஆண்டுக்கு 84,000. ஐந்து லட்சத்துக்கு 84,000 விட்டுக்கொடுப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 17 வட்டி. வங்கியில் நகையை வைத்தால்கூட இவ்வளவு வட்டி கிடையாது. மூன்றாம் வருட முடிவில் அசலைத் திருப்பித் தர இன்னொரு போக்கியக்காரரைத் தேடுகிறோம். அவர் கிடைக்காவிட்டால், இருப்பவர் காலி செய்ய மறுக்கிறார். அவர் மறுப்பது நியாயம், அது அவர் வாழ்நாள் சேமிப்பு. இதைப் பதியாமல் வெறும் பத்திரத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. வீட்டை அனுபவிக்கக் கொடுத்துப் பணம் வாங்குவது அடமானத்தில் ஒரு வகை. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது பழைய சட்டம். பதிவு செய்யாத தாளை நம்பி இரண்டு தரப்பும் லட்சங்களைப் பணயம் வைக்கிறோம். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் போக்கியத்துக்கு விடுங்கள், அதுவும் பதிந்து விடுங்கள். திருப்பித் தரும் பணம் எங்கிருந்து வரும் என்று வாங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

கரண்டுக்கு வருகிறேன். மூன்று குடும்பத்துக்கும் ஒரே சர்வீஸ் வைத்து, சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாமே வசூலிக்கிறோம். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று குடும்பங்களும் தலா 150 யூனிட் எரித்தால் தனித்தனி இணைப்பில் 300 யூனிட் இலவசமாகப் போயிருக்கும். ஒரே இணைப்பில் 100 யூனிட்தான் போகும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி இன்னும் ஏறும். தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்கு மின்வாரியத்தில் தனி இணைப்புக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் மீட்டர் பார்க்கும் வேலையும் மனக்கசப்பும் நமக்கு இல்லை. வாடகை பாக்கி என்று பியூஸைப் பிடுங்குவது, மோட்டாரைப் போடாமல் விடுவது இரண்டும் சட்டம் தடை செய்த வழிகள். பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டினால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால். கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டில் மின்விசிறியை நிறுத்தி வசூலித்த பணம் நமக்கு எதற்கு?

ரசீது கொடுங்கள். வங்கிக் கணக்கில் வாங்கினாலும் ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஆசிரியர்கள், அரசு மருத்துவமனை ஊழியர்கள் வாடகை கொடுத்ததற்குச் சான்று கேட்பார்கள். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் நம் பான் எண்ணையும் தர வேண்டும். மாதம் 9,000 ரூபாய் வாடகை என்றாலே அந்த வரம்பு தாண்டிவிடும். பான் கேட்டதும் பயந்து, “அப்படின்னா வேற வீடு பாத்துக்குங்க” என்று நல்ல குடும்பங்களை அனுப்பிவிட்டவர்களை எனக்குத் தெரியும். வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் நூற்றுக்கு 30, செலவு காட்டாமலே கழிந்துவிடும். வேறு பெரிய வருமானம் இல்லாத நம்மில் பலருக்கு வரி என்று ஒன்றும் வராது. ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் பயம் தெளியும்.

குடியிருக்கும் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தால் 24 மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வீடு நம்முடையதுதான், ஆனால் உள்ளே காய்ந்துகொண்டிருப்பது அவர்கள் துணி, படுத்திருப்பது அவர்கள் வீட்டு மருமகள்.

முதல் நாள் பேச வேண்டியதை எல்லாம் இவ்வளவு நேரம் சொன்னேன். அன்றைக்குக் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு.

அதை நாம் நேராகக் கேட்பதில்லை. “சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு? குலதெய்வம் எந்தக் கோயில்? அப்பா பேரு?” என்று சுற்றி வளைத்துக் கேட்கிறோம். கறி சமைப்பீர்களா என்று கேட்கிறோம். பதில் கிடைத்ததும், “எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றோ, “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்” என்றோ அனுப்பிவிடுகிறோம். அட்டை மட்டும் கேட்டிலேயே தொங்குகிறது. திரும்பிப் போகிறவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் போகிறார்.

நான் பாடம் சொல்லிக் கொடுத்த பெண் ஒருத்தி செவிலியர் படிப்பு முடித்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலைக்கு வந்தாள். நகரத்தில் பதினொரு வீடு பார்த்தாள். பன்னிரண்டாவதாக என்னிடம் போன் செய்து, “டீச்சர், உங்க வீடு ஏதாவது காலியா இருக்கா?” என்று கேட்டாள். பதினொரு வீட்டிலும் என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, எனக்குத் தெரியும். அந்த மருத்துவமனையில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நடுராத்திரியில் ஊசி போடுகிற கை அவளுடையது. அப்போது யாரும் குலதெய்வம் கேட்பதில்லை.

2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் பகுதியில், நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. சான்றிதழ், பள்ளிப் புத்தகம், பீரோவில் வைத்திருந்த சீர்ப்பொருள் எல்லாம் சாம்பலானது. அந்தச் செய்தியைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை; என் மாணவர்களின் வீடுகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்தது நாம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காலனிகளில் அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று படித்து முடித்து, வேலை கிடைத்து, வீடு கேட்டு நம் கேட்டைத் தட்டும் வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் எந்தத் தெரு என்று கேட்க எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக் கூடாது என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

வாடகைக்கு வருகிறவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே வேலை, எவ்வளவு நாளாக, முன்பு இருந்த வீட்டுக்காரரின் போன் எண் என்ன என்று கேளுங்கள். ஆதார் நகலும் ஒரு புகைப்படமும் வாங்கிக்கொள்ளுங்கள், அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீட்டுக்காரரிடம், “வாடகை தேதிக்கு வருமா, வீட்டைச் சுத்தமா வச்சிருந்தாங்களா?” என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுக்க மாட்டேன், படிக்கும் பையன்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்பவர்களும் இதையே செய்து பாருங்கள். 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் அடுத்துச் செட்டிக்கரையில் பொறியியல் கல்லூரியும் வந்த பிறகு நம் ஊருக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த வயதுக்காரர்கள்.

என் மாடி வீடு வரும் தை மாதம் காலியாகிறது. இருப்பவருக்கு ஓசூருக்கு மாற்றல். அவருடைய அட்வான்ஸ் தபால் நிலையக் கணக்கில் இருக்கிறது, சாவி வாங்கும் அன்றே கொடுத்துவிடுவேன். ஒயரிங் ஒருமுறை பார்க்க வேண்டும், சம்ப் மூடி துருப்பிடித்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். போர் தண்ணீரை இந்த மாதமே மறுபடி ஆய்வகத்துக்குக் கொடுக்கிறேன். என் ஒப்பந்த நகலையும் அந்தப் பரிசோதனைத் தாளையும் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். மாலை ஐந்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பாரதிபுரத்தில் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை